புது ரூல் அப்புறம், முதல்ல சொல்றத கேக்க வைங்க

கோடு செக் பண்ற ஓப்பன் சோர்ஸ் டூல் நடத்தறவங்க, அதுல வேல பாக்கறவங்க, அத போட்டு அவஸ்தப்படறவங்க எல்லாரும் அடுத்து என்ன செய்யலாம்னு கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி கேட்டதெல்லாம் சேத்து ஒண்ணாக்கியிருக்கேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால யாரோட பேரும் போடல.

கேள்வி: நாங்க மூணு பேர் சேந்து ஒரு ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூல் (கோட ஓட்டாமலே படிச்சு தப்ப சொல்ற டூல்) நடத்தறோம். எல்லாருக்கும் வேற வேல இருக்கு, ராத்திரியும் லீவு நாளும்தான் இதுக்கு. புது ரூல் (எத தப்புன்னு பிடிக்கணும்னு சொல்ற ஒரு செக்) வேணும், புது லாங்குவேஜ் வேணும், எடிட்டர் பிளகின் வேணும்னு இஷ்யூ, அதாவது யூசருங்க போடற கோரிக்கையும் புகாரும், நானூறுக்கு மேல தொங்குது. அடுத்த ஒரு வருஷத்துக்கு பிளான் போடணும், எதுல இருந்து ஆரம்பிக்கறது?

பதில்: அந்த நானூறையும் கொஞ்ச நாளைக்கு மூடி வைங்க. இஷ்யூ போடறவங்க எல்லாம் உங்க டூல் பிடிச்சுப்போய் இன்னும் வேணும்னு கேக்கறவங்க, அவங்க குரல்தான் உங்க காதுல விழுது. ஒருத்தர் டூல போட்டுப் பாத்து, ஸ்கிரீன் முழுக்க வார்னிங் கொட்டினத பாத்து, சத்தமே இல்லாம கழட்டிட்டு போயிருப்பார் பாருங்க, அவர் எங்க வந்து இஷ்யூ போடப்போறார்? பிளான் முதல்ல அவருக்காகத்தான் போடணும்.

இது என் கற்பனை கிடையாது. கவரிட்டிங்கற ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூல உருவாக்கினவங்க 2010 ல கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் பத்திரிகைல அவங்க பட்டதெல்லாம் எழுதினாங்க. ஃபால்ஸ் பாசிட்டிவ், அதாவது தப்பே இல்லாத இடத்துல வர்ற பொய் வார்னிங், 30 சதவீதத்த தாண்டிட்டா ஆளுங்க டூலயே கண்டுக்கறது இல்ல, நிஜ பக்கும் அந்த கும்பல்ல காணாம போயிடுதுன்னு அதுல வருது. புலி வருது கதைதான். அதே கட்டுரைல இன்னொரு சங்கதி இருக்கு, எனக்கு அதுதான் இன்னும் முக்கியமா படுது: கண்டுபிடிக்கறத விட கண்டுபிடிச்சத விளக்கறது கஷ்டமா போச்சாம், அதனால ரொம்ப ஆழமா போய் பிடிக்கற சில செக்க அவங்களே வேணாம்னு விட்டிருக்காங்க, ஏன்னா படிக்கறவருக்கு புரியலன்னா அவர் அத தப்பு வார்னிங்னு சொல்லி தள்ளிடறார். சரியான வார்னிங்கே ஆனாலும் புரியாம போனா கெட்ட பேர் டூலுக்குதான்.

கூகுள்லயும் இதே கூத்துதான் நடந்துச்சு. 2009 மே மாசம் ஃபைன்ட்பக்ஸ்ங்கற ஜாவா கோடு செக் பண்ற டூல வச்சு கம்பெனி முழுக்க ஒரு ஃபிக்ஸிட் (எல்லாரும் உக்காந்து பக் சரி பண்ற ஏற்பாடு) நடத்தினாங்க, இன்ஜினியருங்க உக்காந்து 3,954 வார்னிங்க ஒண்ணொண்ணா பாத்தாங்க, கடைசில சரி பண்ணது 640 தான். பாத்தவங்க சோம்பேறிங்க இல்ல, வார்னிங்ல பாதிக்கு பாதி பொய்யும் இல்ல, ஆனா இது ஓடிட்டு இருக்கற கோடு, இத இப்ப ஏன் நோண்டணும்னு அவங்களுக்கு தோணிடுச்சு. அதுக்கு அப்புறம் டிரைகார்டர்னு சொந்தமா ஒரு கோடு செக் பண்ற ஏற்பாடு கட்டினப்போ அளவுகோலயே மாத்திட்டாங்க: டெவலப்பர் வார்னிங்க பாத்துட்டு ஒண்ணும் செய்யலன்னா, டெக்னிக்கலா அது சரியா இருந்தாலும் ஃபால்ஸ் பாசிட்டிவ் கணக்குலதான் சேரும். ஒவ்வொரு வார்னிங்கு பக்கத்துலயும் இது உபயோகமில்லன்னு அழுத்த ஒரு பட்டன், அழுத்தறது 10 சதவீதத்த தாண்டினா அந்த செக்க எழுதினவர் வந்து பதில் சொல்லணும், சரி பண்ணலன்னா செக்கயே நிறுத்திடுவாங்க.

ஃபேஸ்புக்கோட இன்ஃபர்ங்கற அனாலிசிஸ் டூல் கதை இன்னும் சுவாரசியம். ராத்திரி மொத்த கோடையும் ஓட்டி காலைல பக் லிஸ்ட்ட டெவலப்பருங்க தலைல கட்டினாங்க, கிட்டத்தட்ட ஒருத்தரும் தொடல, சரி பண்ண விகிதம் பூஜ்யத்துக்கு பக்கம். அதே அனாலிசிஸ், அதே ஃபால்ஸ் பாசிட்டிவ் அளவு, ஒரே வித்தியாசம் கோடு ரிவ்யூவுக்கு வர்ற நேரத்துல அந்த மாத்தின வரி பக்கத்துலயே கமெண்ட்டா போட்டாங்க, 70 சதவீதத்துக்கு மேல சரி பண்ணிட்டாங்க. இத 2019 ல அவங்களே எழுதியிருக்காங்க. அல்காரிதம்ல ஒரு வரி கூட மாத்தாம வந்த பலன் இது, அதனால உங்க லிஸ்ட்ல "மாத்தின வரிக்கு மட்டும் வார்னிங் காட்டு"ன்னு ஒரு இஷ்யூ எங்கயாவது அடில கிடந்தா அத தூக்கி மேல வைங்க.

சரி, கையில என்ன செய்யறது? உங்க டூலுக்கு "இந்த வரிய விட்டுடு"ன்னு சொல்ற சப்ரஸ் கமெண்ட் ஒண்ணு இருக்கும்ல, அத பப்ளிக் ரெப்போக்கள்ல (எல்லாரும் பாக்கற மாதிரி கோடு போட்டு வச்சிருக்கற இடங்கள்ல) தேடுங்க. எந்த ரூல் பேர் அதிகமா வருதுன்னு எண்ணுங்க. ஒவ்வொரு சப்ரஸ் கமெண்ட்டும் ஒரு யூசர் இஷ்யூ போடாம போட்ட புகார். முதல்ல வர்ற அஞ்சு ரூலயும் திறந்து அந்த கோடயும் பக்கத்துல வச்சு படிங்க. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஃபங்ஷன் முதல் வரில "யூசர் காலியா இருந்தா எரர் வீசு"ன்னு ஒரு ஹெல்ப்பர கூப்பிட்டிருப்பாங்க, ரெண்டாவது வரில யூசரோட ஈமெயில எடுப்பாங்க, உங்க ரூல் ஹெல்ப்பருக்கு உள்ள போய் பாக்காது, யூசர் காலியா இருக்கலாம்னு கத்தும், எழுதினவருக்கு அது காலியா இருக்காதுன்னு தெரியும், அலுத்துப்போய் கமெண்ட் போட்டுட்டு போயிடுவார். நாப்பது இடத்துல இதே மாதிரி இருந்தா உங்களுக்கு வேண்டியது புது ரூல் இல்ல, அந்த ஹெல்ப்பருக்குள்ள ஒரு படி எட்டிப் பாக்கற வசதி, இல்லாட்டி "இந்த ஃபங்ஷன் திரும்பி வந்தா காலியா இல்லன்னு அர்த்தம்"னு யூசரே சொல்லிக்கற ஒரு குறிப்பு. முதல் மூணு மாசம் இதுக்கே போயிடும், போகட்டும்.

சத்தம் போடற ரூல எல்லாம் ஆஃப் பண்ணிட்டா போதுமான்னு கேப்பீங்க. அதுலயும் ஆபத்து இருக்கு. 2014 பிப்ரவரில ஆப்பிளோட எஸ்எஸ்எல் (இணைய இணைப்ப பாதுகாக்கற பகுதி) கோடுல ஒரு பக் வெளில வந்துச்சு, "கோடூ ஃபெயில்" (நேரா முடிவுக்கு தாவு)ங்கற வரி அடுத்தடுத்து ரெண்டு தடவ இருந்துச்சு, முதல் வரி மேல இருக்கற இஃப்க்கு சொந்தம், ரெண்டாவது யாருக்கும் சொந்தமில்லாம எப்பவுமே ஓடும், அதுக்கு கீழ இருந்த சிக்னேச்சர் செக் ஓடவே ஓடாது. கிளாங்ங்கற சி கம்பைலர்ல இந்த மாதிரி எட்டவே முடியாத கோட காட்டற வார்னிங் அப்பவே இருந்துச்சு, ஆனா எல்லா வார்னிங்கயும் ஆன் பண்ணுனு பேர் வச்ச ஆப்ஷன்லயே அது சேராது. அதிகமா கத்துதுன்னு ஒதுக்கி வச்ச ரூல் வேண்டிய நேரத்துல தூங்கிட்டு இருந்துச்சு. 2016 ல வந்த ஜிசிசி 6 ங்கற இன்னொரு கம்பைலர்ல வேற வழி பிடிச்சாங்க: எட்டாத கோடு எல்லாத்தையும் தேடாம, இஃப்புக்கு உள்ள இருக்கற மாதிரி தள்ளி எழுதியிருக்கு ஆனா உள்ள இல்லங்கற அந்த ஒரு வடிவத்த மட்டும் பிடிக்கற வார்னிங், அது வழக்கமா எல்லாரும் போடற ஆப்ஷன்லயே தானா ஆன் ஆகும். ரூல சுருக்கறதுன்னா இதுதான். உங்க அஞ்சு ரூலுக்கும் இதே கேள்விய கேளுங்க, இது நிச்சயமா தப்பா இருக்கற சின்ன வடிவம் எது, அத டிஃபால்ட்டா வைங்க, மிச்சம் வேணுங்கறவங்க ஆன் பண்ணிக்கட்டும்.

புது லாங்குவேஜ் மட்டும் இந்த வருஷம் தொடாதீங்க. மூணு பேரால ரெண்டு லாங்குவேஜ நல்லா பாத்துக்க முடியாது. பார்சர் (கோட படிச்சு அமைப்பா பிரிக்கற பகுதி) கிடைக்குது, டிரீ-சிட்டர்னு பல லாங்குவேஜுக்கு ரெடிமேடா இருக்குன்னு சொல்லுவாங்க, பார்ஸ் பண்றது வேலைல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, அந்த லாங்குவேஜ்ல எழுதறவங்க எத தப்புன்னு நினைக்கறாங்கன்னு தெரிஞ்ச ஆள் உங்க டீம்ல வேணும்.

கேள்வி: ஒவ்வொரு ரிலீஸ்லயும் ஒரு நல்ல ரூல் சேக்கறோம், அடுத்த நாளே "எங்க சிஐ உடைஞ்சு போச்சு"ன்னு வந்து திட்டறாங்க (சிஐன்னா கோடு மாறும்போதெல்லாம் தானா ஓடி செக் பண்ற ஏற்பாடு). ரூல் சேக்காமயும் இருக்க முடியாது. என்னதான் பண்றது?

பதில்: திட்டறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அவங்க கோடுல ஒரு எழுத்து கூட மாறல, நேத்து பச்சையா இருந்த பில்டு இன்னைக்கு சிவப்பு. சாதாரண லைப்ரரில ஃபங்ஷன் சேத்தா யாருக்கும் வலிக்காது, லின்ட்டர்ல, அதாவது இந்த மாதிரி கோடு செக் பண்ற டூல்ல, ரூல் சேத்தா அதுவே உடைப்பு. அதனால வெர்ஷன் நம்பருக்கு இங்க தனி அர்த்தம் வச்சுக்கணும், அத எழுதியும் வைக்கணும். ஜாவாஸ்கிரிப்ட் லின்ட்டரான ஈஎஸ்லின்ட் அப்படி எழுதி வச்சிருக்கு: வார்னிங் குறையற மாதிரி பக் ஃபிக்ஸ்னா பேட்ச் (ரொம்ப சின்ன) வெர்ஷன், கூடற மாதிரி ஃபிக்ஸ்னா மைனர் (நடுத்தர) வெர்ஷன், புது ரூல் மைனர்ல வரலாம் ஆனா டூலே சிபாரிசு பண்ற ரெகமண்டட் செட்டுக்குள்ள போகணும்னா மேஜர் (பெரிய) வெர்ஷன் வரைக்கும் காத்திருக்கணும். படிக்க எளிமையா இருக்கும், ஆனா இந்த மூணு வரி எழுதி வச்சுட்டா பாதி சண்டை இஷ்யூ பக்கத்துக்கே வராது.

ரூபி லின்ட்டரான ருபோகாப்ல இன்னொரு வழி. புது ரூல் பென்டிங்னு வரும், ஓடாது, ஆனா "இத்தன புது ரூல் வந்திருக்கு, வேணுமா வேணாமா சொல்லு"ன்னு ஒரு மெசேஜ் காட்டும், அடுத்த மேஜர்லதான் தானா ஆன் ஆகும். ரஸ்ட் லாங்குவேஜோட லின்ட்டரான கிளிப்பில நர்சரின்னு ஒரு குரூப்பே வச்சிருக்காங்க, பாதி வெந்த ரூல் எல்லாம் அங்க கிடக்கும். எனக்கு பிடிச்சது பிஎச்பி டூலான பிஎச்பிஸ்டான் பண்ற பேஸ்லைன்: இன்னைக்கு இருக்கற எரர் அத்தனையும் ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு, இனிமே புதுசா வர்றத மட்டும் காட்டும். பத்து வருஷ பழைய ப்ராஜெக்ட் வச்சிருக்கறவர் முதல் நாளே ஆறாயிரம் எரர பாத்து பயந்து ஓடாம உள்ள வர்றதுக்கு அது ஒண்ணுதான் வாசல். உங்ககிட்ட பேஸ்லைன் இல்லன்னா இந்த வருஷ பிளான்ல அது இருந்தே ஆகணும். ஒரு எச்சரிக்கை, பேஸ்லைன் ஃபைல்ல வரி நம்பர வச்சு எரர அடையாளம் காணாதீங்க, மேல ஒரு இம்போர்ட் சேத்தா போதும், கீழ எல்லாமே ஒரு வரி தள்ளிப் போய் பழசெல்லாம் புதுசா வந்து நிக்கும். ரூல் பேர், ஃபைல் பேர், மெசேஜ், எத்தன தடவன்னு வச்சா தாங்கும்.

கேள்வி: டூல் ஸ்லோவா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ரஸ்ட்ல மொத்தமா திரும்ப எழுதிடலாமான்னு டீம்ல பெரிய விவாதம். எழுதலாமா?

பதில்: ரஃப் வந்ததுக்கு அப்புறம் இந்த கேள்வி வராத டீமே இல்ல. 2022 ல பைத்தான் லின்ட்டர்னு ரஸ்ட்ல வந்து, பழச விட 10 ல இருந்து 100 மடங்கு வேகம்னு சொல்லி, நிஜமாவே எல்லாரையும் இழுத்துட்டு போயிடுச்சு. ஆனா அந்த வேகம் முழுக்க ரஸ்ட்ங்கற பேர்ல இருந்து வரல. முன்னாடி நாலஞ்சு டூல தனித்தனியா ஓட்டி, ஒவ்வொண்ணும் அதே ஃபைல திரும்ப திரும்ப பார்ஸ் பண்ணிட்டு இருந்துச்சு, இது ஒரே தடவ பார்ஸ் பண்ணி எல்லா ரூலயும் ஓட்டுது, பிராசசரோட எல்லா கோரையும் உபயோகிக்குது, மாறாத ஃபைலோட முடிவ முன்னாடியே சேத்து வச்ச கேஷ்ல இருந்து எடுக்குது. இதுல பெரும்பாலானத இப்ப இருக்கற லாங்குவேஜ்லயே நீங்க செய்யலாம்.

அதனால முதல்ல அளந்து பாருங்க. ஈஎஸ்லின்ட்ல டைமிங்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வச்சு ஓட்டினா எந்த ரூலுக்கு எத்தன மில்லிசெகண்ட், மொத்தத்துல எத்தன சதவீதம்னு டேபிள் போட்டு காட்டும். உங்க டூலுக்கு அப்படி ஒண்ணு இல்லாட்டி அத எழுதறது ஒரு வாரயிறுதி வேல. அடிக்கடி என்ன தெரிய வரும்னா ஒரே ஒரு ரூல் ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல போய் எதையோ தேடிட்டு இருக்கும், அதுக்கே பாதி நேரம் போயிருக்கும்.

ரீரைட்ல இழக்கறத யாரும் கணக்குல எடுக்கறது இல்ல, அதான் எனக்கு கவலை. பைத்தான் லின்ட்டர் பைத்தான்ல இருந்தா அத யூஸ் பண்றவர் எல்லாருமே ரூல் எழுத தெரிஞ்சவர், ரஸ்ட்டுக்கு போனா அந்த கூட்டம் சுருங்கிடும், வெளி ஆள் எழுதின பிளகினும் ஓடாது. ரஃப், ஃப்ளேக்8ங்கற பழைய பைத்தான் லின்ட்டரோட பிளகின்ல பிரபலமானத எல்லாம் தானே உள்ள எழுதிக்கிச்சு, அதுக்கு பின்னாடி முழு நேரமா சம்பளம் வாங்கற டீம் இருந்துச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து கோடு எழுதற மூணு பேருக்கு அந்த பாதை ஒத்து வராது. பார்சர் மட்டும் ஸ்லோன்னு அளந்து தெரிஞ்சா பார்சர மட்டும் மாத்துங்க.

கேள்வி: எந்த பக்கையும் விடாம, பொய்யும் சொல்லாம இருக்கற டூல் எப்பதான் வரும்?

பதில்: வராது. ரைஸ் தேற்றம்னு கணக்குல நிரூபிச்சிருக்காங்க, 1953 ல வந்தது, ஒரு புரோகிராம் ஓடறப்போ எப்படி நடந்துக்கும்ங்கற எந்த சுவாரசியமான கேள்விக்கும் எல்லா புரோகிராமுக்கும் சரியா பதில் சொல்ற அல்காரிதம் கிடையாது. விட்டுக் கொடுக்கணும், எத விடறதுன்னு முடிவு பண்ணணும். ஆஸ்ட்ரேன்னு ஒரு டூல் 2003 ல ஏர்பஸ் ஏ340 விமானத்தோட ஃப்ளைட் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல ரன்டைம் எரரே இல்லன்னு நிரூபிச்சுது, ஆனா அது அந்த மாதிரி கோடுக்குன்னே செதுக்கின டூல். சி++ கோடு செக் பண்ற சிபிபிசெக் நேர் எதிர், பொய் வார்னிங் வரக்கூடாதுங்கறதுதான் குறிக்கோள், அதுக்காக சில பக்க விட்டாலும் பரவால்லங்கறது அவங்க கணக்கு. உங்க டூல் எந்த பக்கம்னு ரீட்மீல முதல் பாராலயே எழுதிடுங்க, பிளான் போடறதே சுலபமாயிடும்.

கேள்வி: கான்ஃபிக் ஃபைல் (எந்த ரூல் எப்படி ஓடணும்னு சொல்ற செட்டிங் ஃபைல்) பத்து வருஷத்துல வளந்து வளந்து யாருக்கும் புரியாத மாதிரி ஆயிடுச்சு. புது ஃபார்மட்டுக்கு மாறணும். எப்படி மாறினா உதை வாங்காம தப்பிக்கலாம்?

பதில்: கொஞ்சம் உதை உண்டு, மனச தேத்திக்கோங்க. ஈஎஸ்லின்ட் கொண்டு வந்த ஃப்ளாட் கான்ஃபிக்ங்கற புது ஃபார்மட்டோட கதைய முழுசா படிச்சுட்டு ஆரம்பிங்க. நல்ல டிசைன், ஆர்எஃப்சின்னு ஒரு முன்மொழிவு எழுதி எல்லாரையும் கேட்டாங்க, 2022 ல சோதனைக்கு விட்டாங்க, 2024 ஏப்ரல்ல வந்த வி9 லதான் டிஃபால்ட் ஆக்கினாங்க. இவ்ளோ நிதானமா போயும் கஷ்டம் எங்க வந்துச்சுன்னா பிளகின்கள்ல. யூசர் மாற தயார், அவர் நம்பியிருக்கற ஏழு பிளகின்ல ரெண்டு மாறல, அந்த ரெண்டுல ஒண்ண எழுதினவர் எப்பவோ போயிட்டார், அவ்ளோதான் யூசர் அங்கயே நிக்கறார். பழைய கான்ஃபிக்க தானா புதுசுக்கு மாத்தி தர்ற மைக்ரேட்டர் டூலும் வி9 வந்ததுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

நீங்க வரிசைய திருப்பி போடுங்க. மைக்ரேட்டர் முதல்ல. அத அதிகமா டவுன்லோட் ஆகற பத்து பிளகின் மேல நீங்களே ஓட்டி, உடையற இடத்த பாத்து, அவங்க ரெப்போல பிஆர் (இந்த மாத்தத்த சேத்துக்கோங்கன்னு அனுப்பற கோரிக்கை) நீங்களே போடுங்க. அதெல்லாம் மெர்ஜ் ஆனதுக்கு அப்புறம் புது ஃபார்மட்ட அறிவிங்க. அலுப்பான வேலதான், டிசைன் டாக்குமெண்ட் எழுதற சுகம் இதுல கிடையாது.

கேள்வி: எடிட்டர் ஒவ்வொண்ணுக்கும் பிளகின் கேக்கறாங்க, அவுட்புட்டும் ஆளுக்கு ஒரு ஃபார்மட்ல வேணுமாம்.

பதில்: ரெண்டே ரெண்டு. எடிட்டருக்கு 2016 ல மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் (டூலும் எடிட்டரும் பேசிக்கற பொது வழி), அவுட்புட்டுக்கு சாரிஃப்ங்கற ஃபார்மட், 2020 ல ஒயேசிஸ் அமைப்பு ஸ்டாண்டர்டா ஆக்கினது, கிட்ஹப்பே நேரா வாங்கிக்கும். மிச்சத்த எல்லாம் கேக்கறவங்களே எழுதிக்கட்டும்னு சொல்லி இஷ்யூவ மூடுங்க.

கேள்வி: ஒரு கம்பெனி எங்க டூலுக்கு பணம் தர்றோம், ஆளும் தர்றோம்னு வந்திருக்கு. சந்தோஷமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. எதெல்லாம் பாக்கணும்?

பதில்: பணத்த வாங்குங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பாக்க வேண்டியது வேற. காப்பிரைட் யார்கிட்ட இருக்கும்? கான்ட்ரிப்யூட் பண்ற எல்லாரும் உரிமைய கம்பெனிக்கு எழுதித் தர்ற மாதிரி அக்ரிமெண்ட் கேட்டா, நாளைக்கு அவங்க நினைச்சா லைசன்ஸ மாத்திக்கலாம். "இது நான் எழுதினது, இந்த லைசன்ஸ்ல தர எனக்கு உரிமை இருக்கு"ன்னு மட்டும் சொல்ற டிசிஓ கையெழுத்து போதும்னு நில்லுங்க. ரூல்களோட லைசன்ஸயும் தனியா பாருங்க, எல்லாரும் எஞ்சின் லைசன்ஸ மட்டும் பாத்துட்டு விட்டுடறாங்க. செம்கிரெப்ங்கற கோடு செக் பண்ற டூல்ல 2024 டிசம்பர்ல அவங்க எழுதின ரூல்களோட லைசன்ஸ இறுக்கினாங்க, சில வசதிங்க கம்யூனிட்டி எடிஷன்ல இருந்து நகந்துச்சு, அடுத்த மாசமே சில செக்யூரிட்டி கம்பெனிங்க சேந்து ஓப்பன்கிரெப்னு ஃபோர்க் பண்ணிட்டாங்க, அதாவது அதே கோட எடுத்து தனி டூலா ஆரம்பிச்சுட்டாங்க. யார் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, கோடு எழுதின கம்பெனிக்கும் சம்பளம் குடுக்கணும்ல. ஆனா எஞ்சின் ஓப்பன் லைசன்ஸ்ல இருந்ததாலதான் ஃபோர்க்கே சாத்தியமாச்சு, அத மறக்காதீங்க.

கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க: ரெப்போ அட்மின், பேக்கேஜ் பப்ளிஷ் பண்ற அக்கவுண்ட், டொமைன், டாக்குமெண்ட் சைட், சைன் பண்ற கீ. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர் இருக்கணும். ஃபைன்ட்பக்ஸ் எவ்ளோ பேர் போட்டுட்டு இருந்த டூல், 2015 ல கடைசி ரிலீஸ், அதுக்கு அப்புறம் வேல செய்ய ஆள் இருந்தும் ப்ராஜெக்ட்டோட முழு உரிமையும் ஒருத்தர்கிட்டயே இருந்ததால மத்தவங்களால ரிலீஸ் போட முடியல, கடைசில ஸ்பாட்பக்ஸ்னு வேற பேர்ல ஆரம்பிக்க வேண்டியதாச்சு. சாவிய பகிர்றதுக்காக கண்ண மூடிட்டு குடுத்துடவும் கூடாது. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்கற லைப்ரரில பேக்டோர் (திருட்டு வாசல்) வந்தது அப்படித்தான், களைச்சுப்போன ஒரு மெயின்டெய்னருக்கு (ப்ராஜெக்ட்ட பாத்துக்கறவருக்கு) ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா உதவி பண்ணி நம்பிக்கைய வாங்கின ஆள்தான் அத வச்சது. அப்புறம் டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு செக்) எல்லாருக்கும் கட்டாயம். 2018 ஜூலைல ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் பேக்கேஜ்ல விஷம் வச்சது எப்படின்னா, ஒரு மெயின்டெய்னர் வேற இடத்துல போட்ட அதே பாஸ்வேர்ட என்பிஎம்ங்கற பேக்கேஜ் தளத்துலயும் போட்டிருந்தார், டூ ஃபேக்டர் இல்ல. கோடு செக் பண்ற டூல்னா அது எல்லாரோட சிஐ மெஷின்லயும் ஓடும், அங்க சாவி மாதிரி உபயோகிக்கற டோக்கன் எல்லாம் கிடக்கும், திருடனுக்கு இத விட நல்ல இடம் கிடையாது.

கேள்வி: ஏஐ வந்துடுச்சே, இனிமே ரூல் எழுதற டூல் எல்லாம் தேவையா? எங்க ரோட்மேப்ல ஏஐ இல்லன்னா பழைய பஞ்சாங்கம்ங்கறாங்க.

பதில்: சொல்றவங்க சொல்லிட்டே இருப்பாங்க. பில்டு பாஸா ஃபெயிலான்னு சொல்ற இடத்துல மாடல வைக்காதீங்க, அது என் கறாரான அபிப்பிராயம். ஒரே கோட ரெண்டு தடவ ஓட்டினா ஒரே பதில் வரணும், ஏன் வந்துச்சுன்னு எந்த ரூல், எந்த வரின்னு காட்டணும், வேகமும் வேணும். இதுல மூணுலயும் இன்னைக்கு மாடல் சொதப்பும். ஆனா வார்னிங் வந்ததுக்கு அப்புறம் இருக்கற வேல இருக்கு பாருங்க, இந்த பாதை வழியா போனாதான் யூசர் காலியா வரும்னு பேச்சு மொழில விளக்கறது, ஃபிக்ஸ் ஒண்ணு எழுதி காட்டறது, முந்நூறு வார்னிங்ல முதல்ல எத பாக்கறதுன்னு வரிசப்படுத்தறது, அங்க அது நல்லாவே உதவும். கவரிட்டி காரங்க புரிய வைக்க முடியாம விட்ட செக் எல்லாம் இப்ப திரும்ப உயிர் பெறலாம், எனக்கு ஆச தர்ற விஷயம் அதுதான். ஃபிக்ஸ் எழுதினா அத உங்க அனாலிசர் மேல திரும்ப ஓட்டி, டெஸ்ட்டும் பாஸ் ஆனாதான் காட்டணும்.

இன்னொரு பக்கம், ஏஐல எழுதி அனுப்பற இஷ்யூவும் பிஆரும் உங்க நேரத்த தின்னும். கர்ல்ங்கற ஓப்பன் சோர்ஸ் டூல நடத்தற டேனியல் ஸ்டென்பர்க் இந்த மாதிரி போலி செக்யூரிட்டி ரிப்போர்ட் பத்தி பல தடவ வெளிப்படையாவே பொங்கியிருக்கார். ஓடற ஒரு சின்ன கோடு உதாரணம் இல்லாத பக் ரிப்போர்ட்ட படிக்க மாட்டோம்னு கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல்ல போடுங்க, மனுஷன் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் அதே சட்டம்.

கேள்வி: ரோட்மேப்ப பப்ளிக்கா போடலாமா? தேதி போடணுமா?

பதில்: போடுங்க, தேதி வேணாம். சம்பளம் இல்லாத வேலைக்கு தேதி குடுத்தா அது கடனாயிடும். இப்ப செய்யறது, அடுத்தது, செய்யவே போறதில்லன்னு மூணு தலைப்பு போதும், அதுல மூணாவதுதான் நீளமா இருக்கணும். ஈஎஸ்லின்ட் 2023 ல ஸ்பேஸ், கமா, செமிகோலன் மாதிரி ஃபார்மட்டிங் ரூல எல்லாம் இனிமே நாங்க பாக்க மாட்டோம்னு டெப்ரிகேட் பண்ணாங்க, வேற ஆளுங்க ஸ்டைலிஸ்டிக்னு தனி ப்ராஜெக்ட்டா எடுத்துக்கிட்டாங்க, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. நீங்களும் எதையாவது விடணும்னு நினைச்சுட்டு இருந்தா மனசுக்குள்ள வச்சுக்காம அந்த மூணாவது தலைப்புல எழுதுங்க, எடுத்துக்க ஆள் வந்தாலும் வருவாங்க.

கேள்வி: நான் காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்கு சேந்திருக்கேன். கம்பைலர் எல்லாம் தெரியாது. இந்த மாதிரி டூல்ல உதவி பண்ண ஆச, எங்க ஆரம்பிக்கறது?

பதில்: நீங்க வந்தா அந்த மூணு பேரும் கும்பிடு போடுவாங்க. ரூல் எழுத போகாதீங்க இப்ப. இஷ்யூ லிஸ்ட்ல ஃபால்ஸ் பாசிட்டிவ்னு லேபிள் போட்டது எடுங்க, பாதில "எங்க ப்ராஜெக்ட்ல வருது, கோடு பெருசு, ஷேர் பண்ண முடியாது"ன்னு இருக்கும். அவங்க சொல்ற அடையாளத்த வச்சு நீங்களே அதே வார்னிங்க வர வைக்க பாருங்க. வந்துச்சுன்னா கோட கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க, ஒரு ஃபங்ஷன எடுங்க, ஓட்டுங்க, வார்னிங் இன்னும் வருதா, இன்னொண்ண எடுங்க, போயிடுச்சா, திரும்ப வைங்க. கடைசில பத்து வரிக்குள்ள வந்து நிக்கும். அந்த பத்து வரி, வெர்ஷன் நம்பர், கான்ஃபிக், வந்தது என்ன, வந்திருக்க வேண்டியது என்ன, இவ்ளோவும் இஷ்யூல போடுங்க. அப்புறம் அத டெஸ்ட் ஃபோல்டர்ல ஃபெயில் ஆகற டெஸ்ட்டா சேத்து ஒரு பிஆர் போடுங்க, சரி பண்ண தெரியாட்டி பரவால்ல, டெஸ்ட் மட்டும் போதும்னு டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி எழுதிடுங்க.